தண்ணீர் தெளிந்துகொண்டு வருகிறது

தம்பி,

சுகம் விசாரிக்கும் வரியை இந்த முறை விட்டுவிடுகிறேன். போன வெள்ளிக்கிழமைதான் தொலைபேசியில் கதைத்தோம். நீ சுகம், பேத்தி மீராவுக்கு மூக்கு மட்டும் ஒழுகுகிறது என்றாய். பிறகு, "விக்ரோறியா டே லீவு ஞாயிறு வாறம் அப்பா, மூண்டு பேரும்" என்றாய். நான் ஓம் ஓம் என்று சொல்லிவிட்டு, "நீச்சல் தடாகத்தைத் திறக்கட்டோ?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நீ அமைதியாகச் சொன்னாய்: "திறவுங்கோ. சிந்துதான் போவம் எண்டு சொன்னவ. வேலிக் கேற்றுக்கு அலாம் ஒண்டு வாங்கி வச்சிருக்கிறா. தன்ர கையால பூட்ட வேணுமாம்." தொலைபேசியை வைத்ததில் இருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

இன்று வியாழக்கிழமை. பின்வளவில் பம்ப் ஓடுகிற சத்தத்துக்குப் பக்கத்தில் மேசையை இழுத்துப் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். நாலு வரி எழுதுகிறேன், எழும்பிப் போய்த் தண்ணீரை எட்டிப் பார்க்கிறேன், திரும்பி வந்து எங்கே விட்டேன் என்று தேடுகிறேன். ஆகவே எழுத்து முன்னுக்குப் பின் இருக்கும், பொறுத்துக்கொள். என் மருமகள் சிந்து அந்தக் கேற்றைத் தாண்டி உள்ளே வருவதற்கு முன் அவளுக்கும் உனக்கும் தெரிய வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. எட்டு மாதமாக அதை விழுங்கிக்கொண்டு திரிகிறேன். சொன்னால் நீங்கள் மூன்று பேரும் வராமலே விடலாம். சொல்லாவிட்டால் வருவீர்கள், சிரிப்பீர்கள், அவள் குனிந்து நின்று அலாம் பூட்டுவாள், நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு ஆணியாக எடுத்துக் கொடுப்பேன். இந்த இரண்டாவதை நினைத்துத்தான் பேனையை எடுத்தேன்.

ஆங்கிலத்தில் தட்டி அனுப்பியிருக்கலாம். நீயும் ஒரு நிமிடத்தில் வாசித்திருப்பாய். ஆனால் ஆங்கிலத்தில் ஒளிக்க எனக்கு நன்றாகத் தெரியும். தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் சுப்பவைசராக இருந்து, யாருடைய கை எங்கே நசுங்கினாலும் ஒருவருடைய பெயரும் வராமல் றிப்போட் எழுதியவன் நான். அதனால் தமிழில் எழுதுகிறேன். இதை வாசிப்பது உனக்குப் பெரிய பாடு என்று தெரியும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நீ எழுத்துக் கூட்டும்போது ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். பொறுமையா, பிரார்த்தனையா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தெரிந்துகொண்டேதான் தமிழில் எழுதுகிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

யூனியன்வில்லில் இந்த வீட்டை வாங்கியபோது உனக்குப் பதின்மூன்று வயது. அம்மா குசினியைப் பார்த்து ஆசைப்பட்டாள், நான் இரண்டு கார் நிற்கிற கராஜைப் பார்த்து ஆசைப்பட்டேன், நீ பின்வளவு யன்னலடியில் நின்று தடாகத்தைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் நின்றாய். கேட்டால் நான் மாட்டேன் என்று சொல்வேன் என்ற பயம் உனக்கு. நாலு பக்கமும் கடல் இருக்கிற தீவில் பிறந்தும் நீந்தத் தெரியாதவன் உன் அப்பா. மற்றப் பெடியள் கடலுக்குப் போன நேரம் நான் ஐயாவின் கடையில் சீனி நிறுத்துக்கொண்டிருந்தேன். வாங்கிய பிறகு முதல் பனிக்காலம் முடிந்து, மே மாதம் நீயும் நானும் அதன் மேல் பனிக்கு விரித்திருந்த கறுப்பு மூடியை இழுத்தோம். உள்ளே தண்ணீர் முருங்கையிலையை அரைத்துக் கரைத்துவிட்ட மாதிரி இருந்தது. மணம் வேறு. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பழைய வீட்டுக்காரர் ஒரு ஃபைல் விட்டுப் போயிருந்தார், நினைவிருக்கிறதா? அதை நீதான் வாசித்தாய். நான் வாசிக்கவில்லை, பீற்றர் அண்ணையைக் கூப்பிட்டேன். அவர் ஊரில் பத்துக் கிணறு இறைத்தவர், ஸ்காபரோவில் பெரிய பம்ப் ஒன்றும் வைத்திருந்தார். கிணற்றுத் தண்ணீர் பழுதானால் நாங்கள் என்ன செய்வோம்? முழுக்க இறைத்து, அடியில் இறங்கிச் சேற்றை வாரி, சுவரைத் தேய்த்துவிட்டு, புதுத் தண்ணீர் ஊற விடுவோம். அதைத்தான் செய்யப் போனோம். நீ அந்த ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாய். "அப்பா, முழுக்க எம்ப்ரி பண்ணக் கூடாதெண்டு இதில போட்டிருக்கு. ஸ்பிறிங்ல, பனி கரையேக்க, பண்ணவே கூடாதாம்."

"உது வெள்ளைக்காரன்ர பயம்," என்றேன் நான். "அவங்கள் கிணறு கண்டவங்களோ?"

பீற்றர் அண்ணை சிரித்தார். பம்ப் ஓடியது. பின்னேரம் நாலு மணிக்குத் தண்ணீர் வற்றி, அடியில் விரித்திருந்த நீலப் பிளாஸ்ரிக் தெரிந்தது. லைனர் என்கிறார்களே, அதுதான். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ரொட்டி பொங்குவது போல நடுவில் எழும்பியது. பீற்றர் அண்ணை துள்ளிக் குதித்தார். "பார் ஐசே, ஊத்துத் திறந்திட்டுது!" எனக்கும் சந்தோஷம்தான். இரண்டு வளர்ந்த மனிதர்கள், மார்க்கம் நகரத்தில் ஊற்றுக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நின்று சிரித்தோம். பனி கரைந்த தண்ணீரெல்லாம் அந்த நேரத்தில் நிலத்துக்குக் கீழே முட்டிக்கொண்டு நிற்கும், தடாகம் நிறைந்திருந்தால்தான் அந்தப் பாரம் அதை அமுக்கி வைத்திருக்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாது. உனக்குத் தெரிந்திருந்தது. நீ வாசித்திருந்தாய். அரைமணி நேரத்தில் லைனர் மூலையில் இருந்து கிழிந்துகொண்டு வந்தது. பீற்றர் அண்ணை பம்பைத் தூக்கித் தன் வான் வண்டியில் போட்டுக்கொண்டு, மனைவி தேடுவா என்று சொல்லிப் போய்விட்டார்.

அடுத்த நாள் தடாகம் திருத்துகிற ஒரு வெள்ளைக்கார மனிதர் வந்தார். குழிக்குள் எட்டிப் பார்த்து விசில் அடித்தார். யார் இதை இறைத்தது என்று கேட்டார். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "மை சன்," என்றேன். ஒரு அடி மட்டும் குறைக்கச் சொன்னேன், பம்பை நிறுத்த மறந்துபோனான் என்றேன். நீ எனக்குப் பின்னால் நின்றாய். அம்மாவும் வாசலில் நின்றாள். அவளுக்கு முந்தின நாள் நடந்தது தெரியாது, வேலைக்குப் போயிருந்தாள். அந்த மனிதர் உன்னைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தார். நீ சப்பாத்தின் நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாய். அன்று நீ என்னை எதிர்த்துக் கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவோ நல்லதாகப் போயிருக்கும். பதின்மூன்று வயதுப் பிள்ளையில் பழியைப் போடுகிறேன் பார், இன்றைக்கும்.

இப்போது எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஏணியின் கடைசிப் படியும் தெளிவாகத் தெரிகிறது.

அந்தப் பொய் அதோடு செத்திருந்தால் பரவாயில்லை. நான் அதை வளர்த்தேன். பிறந்தநாள், பூப்புனித நீராட்டு விழா, செத்தவீட்டுச் சாப்பாடு என்று போன இடமெல்லாம் 'எங்கட பெடியன் தடாகம் இறைச்ச கதை' என்று சொன்னேன். ஒவ்வொரு முறையும் அதில் ஒரு வரி கூடும். நீயும் சிரிக்கப் பழகிவிட்டாய். உன் கலியாண மண்டபத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அத்தனை பேருக்கு முன்னாலும் அதையே சொன்னேன். "சிந்து, கவனம் பிள்ளை, இவனிட்ட ஒரு வேலை குடுத்தா அடி காணும்வரைக்கும் நிப்பாட்டமாட்டான்" என்றேன். மண்டபமே சிரித்தது. சிந்து உன்னைத் திரும்பிப் பார்த்தாள், நீ தோளைக் குலுக்கினாய். பீற்றர் அண்ணை முன்வரிசையில் இருந்து எல்லாரையும் விடச் சத்தமாகக் கை தட்டினார். அவருக்கும் அந்தக் கதையே உண்மையாகிப் போயிருந்தது என்று நினைக்கிறேன்.

இதை எழுத எழுத ஒன்று கவனிக்கிறேன். எங்கள் பேச்சில் ஒரு வசதி இருக்கிறது. கோப்பை விழுந்தால் 'உடைஞ்சு போச்சு' என்போம். உடைத்தவன் எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள். கை தவறிப் போச்சு, சொல்ல மறந்து போச்சு, பிந்திப் போச்சு. எல்லாம் தானாகப் போய்விடும். நீ சின்ன வயதில் யன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு, "அப்பா, நான்தான் உடைச்சனான்" என்று வந்து நின்றாய். எனக்குக் கோபத்தை விட ஆச்சரியம்தான் வந்தது. அந்தப் பழக்கம் இந்த நாட்டுப் பள்ளிக்கூடத்தில் வந்ததா, உன்னோடு பிறந்ததா தெரியாது. என்னிடம் இருந்து வரவில்லை என்பது மட்டும் நிச்சயம். உனக்குப் புத்திமதி சொல்ல எனக்கு இப்போது வாயில்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லி வைக்கிறேன்: மீராவிடம் அந்த 'நான்தான்' இருந்தால், அதைச் சொல்லிக்கொண்டு வரும் நாளில் அவளுக்கு அடி விழக்கூடாது. முகம்கூடக் கறுக்கக் கூடாது. உன் கண்ணாடிக்கு நான் அன்று அடித்தேன்.

சரி. போன செப்டம்பருக்கு வருகிறேன்.

லேபர் டே லீவு ஞாயிறு. நீ பின்முற்றத்துப் பற்றியோவில் கோழி வாட்டிக்கொண்டிருந்தாய். அம்மா குசினியில். சிந்துவும் மீராவும் தடாகத்தில் விளையாடிவிட்டு வெளியே வந்தார்கள். சிந்து பிள்ளையை உன் பக்கத்தில் விட்டுவிட்டு, ஈரம் துடைக்கத் துவாய் எடுக்க உள்ளே போனாள். நான் அந்த நேரம் தடாக வேலிக்கு உள்ளே, சீடர் செடியை வெட்டிக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். வெட்டிய குப்பையைப் பையில் போட்டு வீட்டின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தக் கேற் விட்டால் தானாகச் சாத்திக்கொள்ளும், கொளுவியும் தானாக விழும், சட்டமே அப்படித்தான். இரண்டு கையிலும் பை இருக்கிறவனுக்கு அது கரைச்சல். அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். வெள்ளைப் பெயின்ற் பட்ட அரைச் செங்கல் ஒன்று வேலியோரம் கிடக்கும். அதைக் கேற்றுக்கு முட்டுக் கொடுப்பேன். அதைக் கண்டு நீ எத்தனை தரம் என்னோடு சண்டை பிடித்தாய்! "அப்பா, அந்தக் கல்லை எறியுங்கோ. பிள்ளை இருக்கு" என்று ஜூலையில் சொன்னாய். எறிந்துவிட்டேன் என்று சொன்னேன். எறியவில்லை.

அன்றும் அந்தக் கல்லை வைத்தேன். பையைத் தூக்கிக்கொண்டு மறுபக்கம் போனேன். இரண்டு நிமிடம்கூட இராது. குசினி யன்னலில் இருந்து அம்மா போட்ட சத்தம் இன்னும் காதில் நிற்கிறது. நான் ஓடி வந்தபோது நீ தண்ணீருக்குள் நின்றாய், மீராவைத் தூக்கி நெஞ்சோடு பிடித்திருந்தாய். ஆழமில்லாத பக்கத்தின் முதல் படியில் நின்றாளாம், நெஞ்சு வரைக்கும் தண்ணீர். அங்கே போய்ச் சேர அவள் ஆழமான பக்கத்தின் விளிம்பால்தான் நடந்து போயிருக்க வேண்டும். அந்தச் சின்னக் கால் வைத்த இடத்தையெல்லாம் நான் பிறகு எத்தனையோ தரம் அளந்து பார்த்திருக்கிறேன். அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. குளிர்ந்துபோய் வீறிட்டு அழுதாள், அவ்வளவுதான். எல்லாரும் அவளைச் சுற்றி நின்றீர்கள். சிந்து துவாயோடு ஓடி வந்து தரையில் இருந்துவிட்டாள்.

நான் கேற்றடியில் நின்றேன். கல் என் காலடியில் இருந்தது. அங்கிருந்து தண்ணீர் இரண்டு அடி. காலால் ஒரு தள்ளு, இன்னொரு தள்ளு. கல் உள்ளே போய்விட்டது. பிள்ளையின் அழுகையில் அந்தச் சத்தம் ஒருவருக்கும் கேட்கவில்லை. கேற் தானாக வந்து 'டிக்' என்று சாத்திக்கொண்டது.

பிறகு நீ கேட்டாய்: "ஆர் கேற்றைத் திறந்து விட்டது?"

"திறந்து கிடந்திருக்குது," என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை. "சிந்துதானே கடைசியா வந்தவ. கொளுவி சிலவேளை இறுகும். இழுத்துச் சாத்தேல்லைப் போல."

தம்பி, நீ அவளைப் பார்த்தாய். அவள் என்னைப் பார்த்தாள். "சாத்தினனான் எண்டுதான் நினைச்சன் மாமா," என்றாள். பிறகு கேற்றைத் திரும்பிப் பார்த்து, "தெரியேல்லை," என்றாள். அந்த 'தெரியேல்லை' என்ற சொல்லோடு அவள் எல்லாவற்றையும் தன் தலையில் எடுத்துக்கொண்டாள். அம்மாவுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கவில்லை. மட்டக்களப்பு, எங்களைப் போல வேதம் இல்லை, சைவக் குடும்பம் என்று முதலில் முகத்தைச் சுளித்தவள்தானே, மனதில் ஒரு மூலையில் அதற்கு இடம் தயாராக இருந்தது. நான் அதையும் தெரிந்துதான் சொன்னேன் என்று இப்போது நினைக்கிறேன். பொய்க்காரன் எங்கே போட்டால் நிற்கும் என்று பார்த்துத்தான் போடுவான்.

அந்த வருடம் செப்டம்பர் இரண்டாம் கிழமையே தடாகத்தை மூடிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் இன்னும் நீந்திக்கொண்டிருந்தார்கள். கல் ஆழத்தில் கிடந்தது, எடுக்க எனக்கு நீந்தத் தெரியாது. கறுப்பு மூடியை இழுத்து, சுற்றிவரத் தண்ணீர்ப் பைகளை அடுக்கினேன். அதற்குப் பிறகு பனி விழுந்தது. நீ டிசம்பரில் நத்தாருக்குத் தனியாக வந்தாய், கேக்கைத் தந்தாய், சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்று கதைத்துவிட்டுப் போனாய். பிள்ளைக்குச் சளித் தடிமன் என்றாய். அம்மாதான் கிழமைக்கு ஒரு தரம் ஒஷாவாவுக்கு உங்களிடம் வந்து போனாள். பெப்ரவரியில் ஒரு நாள் வந்து கோட்டைக் கழற்றிக்கொண்டு சொன்னாள்: "அந்தப் பிள்ளை இப்ப எந்தக் கதவைச் சாத்தினாலும் மூண்டு தரம் இழுத்துப் பாக்குது. பிரிஜ்ஜையும் இழுத்துப் பாக்குது. எனக்குப் பாக்கேலாமக் கிடக்கு." நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினேன்.

தவக்காலத்தில் கோவிலுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். பொய் சொன்னனான் சுவாமி என்றேன். எத்தனை தரம் என்று கேட்டார். ஒருக்கா என்றேன், அது இரண்டாவது. ஐந்து 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார். காரில் இருந்து அதைச் சொல்லி முடித்துவிட்டு, கணக்குத் தீர்ந்தது என்று வீட்டுக்கு வந்தேன். மேலே பனி கரைந்து, மூடியின் மேல் தண்ணீர் நின்றது. கடவுள் சீக்கிரம் விட்டுவிட்டார், தண்ணீர் விடவில்லை.

தடாகம் திறக்கிற வேலையை உனக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த லைனர் கிழிந்ததில் இருந்து பதினைந்து வருடம் நீதான் செய்தாய், நான் மேற்பார்வை பார்த்தேன். இந்த முறை தனியாகச் செய்தேன். சனிக்கிழமை மூடியின் மேல் நின்ற தண்ணீரைச் சின்னப் பம்பால் இறைத்தேன். மேப்பிள் இலைகளை வாரினேன், ஒரு செத்த அணில் கிடந்தது. மூடியை இழுத்தால், அதே முருங்கையிலைத் தண்ணீர். எனக்கு மூச்சு வந்தது. ஒன்றும் தெரியவில்லை. கல்லும் தெரியவில்லை, ஏணியும் தெரியவில்லை. குழாய்களின் அடைப்பைக் கழற்றி, ஃபில்ற்றரைப் பூட்டி, ஞாயிற்றுக்கிழமை குளோரின் மூன்று பை போட்டேன். செவ்வாய்க்கிழமை பச்சை போய்ப் பால் நிறம் வந்தது. தெளியத் தெளிய எனக்குப் பயம் பிடித்தது.

செவ்வாய்க்கிழமை என்ன செய்தேன் தெரியுமா, சிரிக்காதே. உடுப்புக் கொளுவிகள் நாலை வளைத்து, கயிற்றில் கட்டி, ஒரு பாதாளக்கரண்டி செய்தேன். கிணற்றில் வாளி விழுந்தால் எடுக்க விடுவோமே, கொக்கி கொக்கியாக, அதுதான். பால் தண்ணீருக்குள் விட்டு விட்டு இழுத்தேன். இரண்டு மணித்தியாலம். ஏணியில் கொளுவியது, என் காற்சட்டையில் கொளுவியது. மீராவின் ஒரு ரப்பர்ச் செருப்பு வந்தது, மஞ்சள் நிறம், வாத்துப் படம் போட்டது. கல் வரவில்லை. செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கேற்றடியிலேயே இருந்துவிட்டேன். அழுதேன் என்றும் எழுதலாம், அதுதான் உண்மை.

அதற்குப் பிறகும் புத்தி வரவில்லை. நேற்றுக் காலை பம்பை நிறுத்தினேன். பம்ப் ஓடாவிட்டால் தண்ணீர் தெளியாது. ஞாயிறு நீங்கள் வரும்போது, 'இந்த முறை ஏதோ பிழைச்சுப் போச்சு' என்று சொல்லிவிடலாம். பார், மறுபடியும் 'போச்சு'. மத்தியானம் அம்மா வந்தாள். "ஏன் பம்ப் சத்தம் கேக்கேல்லை?" என்று கேட்டாள். சூடாகிவிட்டது, ஆறவிட்டேன் என்றேன். அவள் கையை வைத்துப் பார்த்தாள். பம்ப் குளிர்ந்து கிடந்தது. சுவிச்சைப் போட்டுவிட்டுப் போனாள்.

இன்று காலை அவள் தேத்தண்ணியோடு வந்து, இத்தனை வருடத்தில் முதல் தரமாகத் தண்ணீரின் விளிம்பு வரைக்கும் வந்து நின்றாள். ஆழமான பக்கத்தைப் பார்த்தாள்.

"உது என்ன, அடியில?"

"கல்."

"என்ன கல்?"

"விழுந்து கிடக்குது."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "தானா விழுந்ததோ?"

நாற்பது வருடம் என்னோடு வாழ்ந்தவள். அந்தக் கல்லை அவளுக்குத் தெரியும், பெயின்ற்றைத் தெரியும், அது எங்கே இருக்கிற கல் என்றும் தெரியும். கேள்வியைக் கேட்டுவிட்டுக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றாள். "இல்லை," என்றேன். "நான்தான் தள்ளினனான். நான்தான் முட்டும் குடுத்தனான்." அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. தேத்தண்ணியைத் தரையில் வைத்தாள். "நான் அந்தப் பிள்ளையை என்னெல்லாம் நினைச்சுப்போட்டன்," என்றாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, "எனக்குச் சொல்லி என்ன? முதல்ல அவளுக்குச் சொல்லுங்கோ. தம்பிக்கும் முதல் அவளுக்கு," என்றாள். அதற்குப் பிறகு இந்த நேரம் வரைக்கும் என்னோடு பேசவில்லை. ஆனால் கடிதம் எழுதுகிறேன் என்று தெரிந்து, மேசைக்கு மேலே குடையை விரித்துவிட்டுப் போயிருக்கிறாள்.

நாளைக்கு மீராவைப் பார்க்க வரும்போது அம்மா இதைக் கையில் கொண்டு வருவாள். செருப்பையும் தந்து விடுகிறேன், கழுவிக் காய வைத்திருக்கிறேன். கல்லை எடுக்க மாட்டேன். இனி யாரையும் கூப்பிட்டு எடுப்பிக்கவும் மாட்டேன், அது அங்கேயே கிடக்கும். ஞாயிறு வந்தால், உள்ளே குதித்து எடுத்துவிடாதே. சிந்து முதலில் பார்க்கட்டும். அதற்குப் பிறகு இந்தத் தடாகத்தை வைத்திருப்பதா, மண் போட்டு மூடுவதா என்று அவள் சொல்வதுதான். வரவே மாட்டோம் என்றாலும் அதுவும் சரிதான். நான் கேற்றடியில் நின்று, நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும், எல்லாரும் கேட்கிற இடத்தில் இதை வாயாலும் சொல்வேன். பீற்றர் அண்ணைக்கும் சொல்ல வேண்டும், லைனர் கதையை, அவர் நம்பமாட்டார். நீ பதின்மூன்று வயதில் சுமந்ததற்கு எப்படி மன்னிப்புக் கேட்பதென்று எனக்குத் தெரியவில்லை. கேட்கிறேன்.

ஏன் தமிழில் என்று கடைசியில் சொல்வதாக எழுதியிருந்தேன். உனக்குத் தமிழில் எது வந்தாலும், கலியாணக் கார்ட்டாக இருந்தாலும் கோவில் நோட்டீஸாக இருந்தாலும், நீ முதல் வரியிலேயே கையை விட்டுவிடுவாய். பத்து வயது வரைக்கும் ஊரில் படித்தவள் கையில்தான் அது போய்ச் சேரும். நீ கோப்பியோடு பக்கத்தில் இருப்பாய், அவள் சத்தமாக வாசித்துக் காட்டுவாள். அம்மா சொன்ன மாதிரி, உனக்கு எழுதினால் முதலில் அவளுக்குத்தான் தெரிய வரும்.

சிந்து, இவ்வளவு நேரமும் உன்னுடைய குரலில்தான் இவன் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று தெரியும். இடையில் நிறுத்தியிருந்தால் தண்ணீர் குடித்துவிட்டு வா. இன்னும் இரண்டு வரிதான், அதையும் சத்தமாக வாசி. அன்று நீ பிள்ளையோடு வெளியே வந்து கேற்றைச் சாத்தினாய். நான் சீடர் செடிக்குப் பின்னால் நின்றேன், 'டிக்' என்று விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு திறந்தது நான்தான்.

மாமா